ஓம் சொல்லும் மனிதர்

கத்தரிக்காயைப் பால்கறி வைப்பதா, பொரித்துக் குழம்பு வைப்பதா என்று கேட்பதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். பதில் அவ்வளவு முக்கியமில்லை. குசினியில் தனியே நின்று காய் நறுக்குகிறவளுக்குக் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் கை தன்பாட்டில் வேலை செய்யும், நேரம் போவது தெரியாது. கடந்த இரண்டு வருடமாக எனக்கு அந்தக் குறை இருக்கவில்லை. இன்று காலை, நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னர், ஒரு பூசணித் துண்டை வெட்டிக்கொண்டே என்ன வைக்கலாம் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். வீட்டில் ஒருவரும் இல்லை. நான் கேட்டது எனக்கே கேட்டது. வெட்டிய பூசணியை மூடி வைத்துவிட்டேன்.

என் பெயர் மீனாம்பிகை இராசநாயகம். இளைப்பாறிய தமிழ் ஆசிரியை. மரண விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்கள். ஆகவே எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன். வீட்டில் கதைப்பது போலச் சொன்னால் நீங்கள் உங்கள் பாட்டுக்கு அதைத் திருத்தி எழுதுவீர்கள். மற்றவர்கள் கதைத்ததை மட்டும் அவர்கள் கதைத்தபடியே சொல்கிறேன். தேநீரைக் குடியுங்கள், ஆறப்போகிறது. பயப்படாமல் குடிக்கலாம்.

என் கணவர் இராசநாயகம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்தவர். கொக்குவிலில் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். ஓவசியர் என்றால் எங்கள் கேற்றடியில் கொண்டுவந்து விடுவார்கள். நேர்மையான மனிதர். குடித்ததில்லை, என்மேல் கைவைத்ததில்லை. கோயில் பக்கம் போகமாட்டார்; நல்லூரில் கொடியேறினால் வீட்டில் மீன், மச்சம் காய்ச்சாததை மட்டும் பொறுத்துக்கொள்வார். பின்னேரங்களில் விறாந்தையில் பத்திரிகையோடு இருப்பார். நான் போய் எதையாவது கேட்டால், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் "தேவையில்லை" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது போலச் சொல்வார்.

முற்றத்தில் ஒரு நந்தியாவட்டை வைப்போமா என்று கேட்டேன். தேவையில்லை. பாடசாலை அதிபர் சேவைப் பரீட்சை எழுதட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை. மகள் பெரியபிள்ளையானபோது நாலு பேருக்குச் சொல்லிச் சடங்கு செய்வோமா என்றேன். அதற்கும் அதுதான். இவையெல்லாம் பெரிய விடயங்கள் இல்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெண்களுக்கு இதைவிட மோசமாக நடக்கிறது என்று நானே என் சக ஆசிரியைகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

ஒரு விடயம் மட்டும் பெரியது. உடுப்பிட்டியில் என் அண்ணை வீட்டில் அம்மா படுக்கையில் கிடந்தார். அண்ணி வேலைக்குப் போகிறவர். பகலில் ஆளில்லை. நான் விறாந்தையில் போய் நின்று கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, அம்மாவைக் கொஞ்ச நாளைக்கு இஞ்சை கொண்டந்து வைச்சிருக்கட்டோ? நான் பாப்பன். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது."

"தேவையில்லை" என்றார். பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அம்மா செத்தபிறகு குளிப்பாட்டியது நான்தான். முதுகைத் திருப்பியபோது கண்டேன். உள்ளங்கை போகும் அளவுக்குப் புண். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு பெரிய வெறுப்பு. ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அம்மா போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. அதன்பிறகும் அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டுதானே இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர், ஓர் ஆடி மாதக் காலையில், கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது பக்கம் முழுவதும் போய்விட்டிருந்தது. பேச்சும் போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல்லை முதலில் கேட்டது வார்டில் இருந்த நேர்ஸ் பிள்ளை. "ஐயா, கேக்குதோ?" என்று அவள் குனிந்து கேட்க, "ஓம்" என்றார். அவள் சந்தோஷப்பட்டுக் கைதட்டினாள். எனக்கு அப்போது அதன் பெறுமதி விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, குசினியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு நின்றவள், பழக்கதோஷத்தில் முன்னறைப் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கட்டோ?"

"ஓம்."

கத்தியை வைத்துவிட்டுப் போய் அவர் கட்டிலடியில் நின்று மறுபடியும் கேட்டேன். மறுபடியும் ஓம் என்றார். அவருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, உடம்பு கடிக்கும்; எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்குவது எனக்கு மட்டும்தான். ஆனாலும் ஓம் என்றார். நான் சிரித்தேன். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாற்பது வருடத்தில் நான் கேட்டதற்கு அவர் ஓம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

நான் அவரை எப்படிப் பார்த்தேன் என்பதையும் எழுதுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தேன். முதுகில் ஒரு சிவப்புக்கூட வரவிடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த வைத்தியர், வார்டில் கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னார். குளிப்பாட்டினேன், சவரம் செய்தேன், மலசலம் எடுத்தேன். என் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவை. எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்ப வேண்டும். விழுங்குகிற தசைகளும் பழுது என்பதால் வெறும் தண்ணீர் ஒரு மிடறும் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் சுவாசப்பைக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தண்ணீர், தேநீர், சொதி எல்லாவற்றையும் கூவைமா போட்டுக் காய்ச்சிப் பாணிப் பதத்துக்குக் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டினேன். அதில் நான் ஒருநாளும் தவறியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

எனக்காகப் பேச வரும் சட்டத்தரணி, களைப்பினால் செய்துவிட்டார் என்று சொல்லப்பார்ப்பார். அதைத் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான் களைக்கவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். கலியாணம் செய்து இத்தனை வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். காலையில் எழும்பும்போதே இன்றைக்கு அவரிடம் என்ன கேட்கலாம் என்ற நினைப்போடுதான் எழும்புவேன்.

முதலில் சின்னச் சின்ன விடயங்கள்தான். முற்றத்தில் நந்தியாவட்டை வைக்கட்டுமா என்று கேட்டேன். வைத்தேன், இப்போது பூக்கிறது. சுவாமிப்படம் ஒன்றை அவர் தலைமாட்டில் மாட்டட்டுமா என்று கேட்டேன். நெற்றியில் விபூதி பூசட்டுமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஓம்தான். பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து அக்கா ஒருநாள் வந்து, பூசிய நெற்றியையும் அந்த ஓமையும் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ரீச்சர், பாரும், கடைசிக் காலத்திலை பிரணவமெல்லே வாயிலை வருது. கோயில் வாசல் மிதியாத மனிசன். என்ன புண்ணியம் செய்தாரோ."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பெண்கள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று கும்பிட்டார்கள், காலைத் தொட்டார்கள். இவர் கண்ணை உருட்டி, இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்து அடித்து, "ஓம், ஓம், ஓம்" என்றார். சத்தம் கேற்றடிக்குக் கேட்டது. பெண்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது பிரணவம் இல்லை, வெளியே போங்கள் என்று ஏசுகிறார் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அவருடைய ஓம் பல விதம். கோபத்துக்கு ஒன்று, நோவுக்கு ஒன்று, அழுகைக்கு ஒன்று. ஆனால் நான் தமிழ் படிப்பித்தவள். சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ அதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஒவ்வொருவரும் குரலையும் கண்ணையும் பார்த்துப் பொருள் சொல்லத் தொடங்கினால் எங்கே போய் நிற்பது.

பிலிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பிலிப்பு இவரோடு ஒன்றாக வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் சைக்கிளில் நேரே இங்கே வருவார். கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை முதலாம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். நடுவில் யாரையாவது அரசியல்வாதியைத் திட்டுவார். இவர் தொண்டைக்குள் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் இருக்கும்போது அவர் அப்படிச் சிரித்ததில்லை. ஒருநாள் பிலிப்பு இருக்கும்போதே கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, பிலிப்பண்ணை வந்துபோனால் உங்களுக்குப் பிறகு நாள் முழுக்கக் களைப்பாக் கிடக்கு. அவர் இனி வராட்டிலும் பறவாயில்லைத்தானே?"

"ஓம்."

பிலிப்பு பத்திரிகையை மடித்தார். "மெய்யாத்தானோ, நாயகம்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார். சொல்லும்போது கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. இந்தப் பாரிசவாத வருத்தம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமலும் கண்ணீர் வரும் என்று நான் பிலிப்புக்குச் சொன்னேன், அது உண்மையும்தான். பிலிப்பு நல்ல மனிதர், சொல்லை அப்படியே நம்புகிறவர். சைக்கிளை உருட்டிக்கொண்டே, பெருந்தெருவுக்குப் போகும் ஒழுங்கை முடியும்வரை போனார், ஏறவில்லை. பிறகு அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு கட்டிலை முன்னறையிலிருந்து குசினிக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். முன்னறையில் இருந்தால் ஒழுங்கையில் போகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார், நான் கேட்பது காதில் விழாது. மாற்றட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். அந்த அறைக்கு யன்னல் இல்லை என்று என் மகள் சொல்கிறாளாம். யன்னல் இருக்கிறது. அதற்கு முன்னால் அலுமாரி இருக்கிறது, அவ்வளவுதான்.

மகள் தாரிகா ரொறன்ரோவில் இருக்கிறாள். இப்போது வந்து நல்லூரில் சிநேகிதி வீட்டில் நிற்கிறாள். இந்த வீட்டுக்குள் கால் வைக்கமாட்டாளாம். அப்போதெல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனில் முகம் பார்த்துக் கதைப்பாள்.

"அப்பா, அம்மா உங்களை வடிவாப் பாக்கிறாவோ?"

"ஓம்."

"ஏதும் வேணுமோ அப்பா?"

"ஓம்."

"என்ன வேணும்?"

"ஓம்."

அவள் சிரிப்பாள், பிறகு மூக்கை உறிஞ்சுவாள். அப்பாவுக்குப் பேச்சு வரவைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்து, சிநேகிதி மூலம் ஒரு பிள்ளையை ஒழுங்குபடுத்தினாள். றொசாந்தி. பேச்சுச் சிகிச்சை படித்த பிள்ளை. ஸ்கூட்டியில் வருவாள். பணிவான பிள்ளை, செருப்பைக் கேற்றடியிலேயே கழற்றிவிட்டு வருவாள். அவளில் ஒரு பிழையும் சொல்லமாட்டேன்.

வந்த முதல்நாள் இவருக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்டாள்.

"ஐயா, உங்கடை பேர் இராசநாயகமோ?"

"ஓம்."

"உங்கடை பேர் றொசாந்தியோ?"

"ஓம்."

இவர் தலையைப் பலமாக ஆட்டிக்கொண்டு இன்னும் இரண்டு ஓம் சொன்னார். அவள் இவர் கையைத் தடவிக்கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அம்மா, ஐயாவுக்கு எல்லாம் விளங்குது. சொல்லத்தான் ஏலாமல் கிடக்கு. அவர் சொல்லுற ஓம், ஓம் இல்லை. வாயிலை மிஞ்சின ஒரு சத்தம். அதை வைச்சு ஒரு முடிவும் எடுக்காதேங்கோ."

"எனக்கு இவரோடை நாப்பது வரியம் பிள்ளை. எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சால் நல்லம் அம்மா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அவள் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு இடது கையில் தொடங்கினாள். ஓம் என்றால் கையைப் பொத்த வேண்டும். இல்லை என்றால் விரிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் இல்லை என்பதற்குக் கையை விரிக்கிறவர்கள்தானே, அதனால் ஐயாவுக்குச் சுலபமாக வரும் என்றாள். சுலபமாக வரவில்லை. பல கிழமை எடுத்தது. அவள் ஒரு வாழைப்பழத்தைக் காட்டி இது மாம்பழமோ என்பாள், இவர் வாய் ஓம் என்னும், கை நடுங்கும், பொத்தவும் முடியாமல் விரிக்கவும் முடியாமல் நிற்கும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வராது என்றுதான் நினைத்தேன்.

ஒரு காலையில் வழக்கம்போலக் குசினியிலிருந்து கேட்டேன், கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கட்டுமா என்று. "ஓம்" என்ற சத்தம் கேட்டது. கூவைமாக் கஞ்சியோடு அறைக்குள் போனேன். இடது கை சட்டத்துக்கு வெளியே நீட்டி, விரல் ஐந்தும் விரிந்து நின்றது. எவ்வளவு நேரமாக அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாரோ தெரியாது, தோள் நடுங்கியது. என்னைக் கண்டதும் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான். விபூதிக் கிண்ணத்தோடு போனால் கை விரியும். சிவக்கொழுந்து அக்கா வந்தால் விரியும். போனில் மகளோடு கதைக்கும்போது நான் போனை அவர் முகத்துக்குக் கிட்டப் பிடிப்பேன், கை தெரியாதபடி. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அதை நான் உங்களுக்கு ஒளிக்கவில்லை. பழைய மனிதர் திரும்பி வந்துகொண்டிருந்தார். நான் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து வளர்த்த மனிதரை மெல்ல மெல்லத் தள்ளிவிட்டு, விறாந்தையில் பத்திரிகையோடு இருந்த அந்த மனிதர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

இடது கையைக் கட்டினேன். என்னுடைய பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, பல தடவை தோய்த்து மெதுவாகிப்போன அந்தத் துணியால் கட்டில் சட்டத்தோடு கட்டினேன். இறுக்கவில்லை, ஒரு விரல் போய்வரும். சொறிந்து புண்ணாக்கிவிடுவீர்கள், கட்டட்டுமா என்று கேட்டேன். ஓம் என்றார். புரட்டும்போது அவிழ்ப்பேன், ஊட்டும்போது கட்டுவேன். றொசாந்தி வரும் நாளில் காலையிலேயே அவிழ்த்துவிடுவேன்.

அவள் ஒருநாள் சொல்லாமல் வந்துவிட்டாள். அந்தப் பக்கம் வேறு வீட்டுக்கு வந்தவள், ஐயாவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருக்கிறாள். கட்டைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்து, மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் தேய்த்துவிட்டு, கட்டிலடியில் குந்திக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, அம்மா உங்களுக்குச் சாப்பாடு, குளிப்பாட்டு எல்லாம் ஒழுங்காச் செய்யிறாவோ?"

கை பொத்திக்கொண்டது. இத்தனை நாளும் நான் செய்ததை அவர் அறிந்துதான் இருக்கிறார் என்று நினைத்தேன். றொசாந்தி அதோடு விட்டிருக்கலாம்.

"உங்களுக்கு இஞ்சை இருக்க விருப்பமோ ஐயா?"

கை விரிந்தது. வாயும் சும்மா இருந்தது. அவர் ஓம் சொல்லாமல் இருந்தது அந்த ஒருமுறைதான்.

அன்று பின்னேரமே தாரிகா போன் எடுத்தாள். சனிக்கிழமை இல்லை. குரல் வேறாக இருந்தது, ஏசாமல் இருக்கக் கஷ்டப்படுகிற குரல்.

"அம்மா, நீங்கள் களைச்சுப்போனியள். அப்பாவை நல்லூர்ப் பக்கம் ஒரு இல்லத்திலை விடுவம். றொசாந்தி எல்லாம் கதைச்சிட்டாள். வாற வியாழக்கிழமை டொக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து வாகனத்திலை ஏத்துவாள். நானும் அடுத்த கிழமை வாறன்."

"நான் பாக்கிறன் பிள்ளை. இவ்வளவு நாளும் நான்தானே பாத்தனான்."

"நீங்கள் இனிப் பாக்கத் தேவையில்லை அம்மா."

தகப்பனுடைய குரல் அப்படியே இருந்தது. பத்திரிகையின் பக்கம் திருப்பும் சத்தம் மட்டும்தான் கேட்கவில்லை. அவளைக் குறைசொல்லவில்லை, இரத்தம் அது.

வியாழக்கிழமைக்கு முதல்நாள் மத்தியானம். நல்ல வெயில், வீடு முழுவதும் வெளிச்சம். அவரைக் குளிப்பாட்டினேன். சவரம் செய்து, வெளுத்த சாரமும் வெள்ளைச் சேட்டும் போட்டுவிட்டேன். கையைக் கட்டவில்லை. விபூதி பூசட்டுமா என்று கேட்டேன். கை விரிந்தது. பூசவில்லை. அலுமாரியைத் தள்ளி யன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். பொத்திக்கொண்டது. முழங்கால் நோவோடு தள்ளித் திறந்தேன். கிணற்றடியும் நந்தியாவட்டையும் தெரிந்தன. அன்றைக்கு எல்லாம் அவர் கை சொன்னபடிதான் நடந்தது. அதை நீங்கள் எழுத வேண்டும், ஏனென்றால் இரக்கமில்லாதவள் என்று தாரிகா சொல்லப்போகிறாள்.

பிறகு கிணற்றில் ஒரு வாளி அள்ளினேன். எங்கள் கிணறு நல்லதண்ணிக் கிணறு. வருத்தம் வருவதற்கு முன்னர் வேறு வீட்டில் தண்ணீர் கொடுத்தால் இவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருப்பார், குடிக்கமாட்டார். இரண்டு வருடமாக அந்தத் தண்ணீர் கூவைமா கலக்காமல் அவர் நாக்கில் படவில்லை. அலுமாரியிலிருந்த பித்தளை மூக்குப்பேணியைப் புளிபோட்டு விளக்கி, அதில் நிறைய வார்த்தேன். கூவைமா போடவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கித் தட்டையாக்கினேன். தலையை உயர்த்தி வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வழுகி விழுந்தது, கவனக்குறைவு என்றெல்லாம் எழுத வேண்டாம்.

"கிணத்துத் தண்ணி கொண்டந்திருக்கிறன். குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.

கை விரிந்தது. விரிந்த கையை நான் என் கைக்குள் எடுத்துக்கொண்டேன். விரலுக்குள் விரலைக் கோத்து மடக்கிப் பிடித்தேன். நாங்கள் கைபிடித்துக்கொண்டு இருந்த மனிதர்கள் இல்லை. கலியாணத்தன்று ஐயர் பிடித்துவைத்தார், அதன்பிறகு எனக்கு ஞாபகமில்லை. அவர் கையில் இன்னும் பலம் இருந்தது. என் விரல்களை நெரித்தது. மற்றக் கையால் பேணியைச் சரித்தேன். முதல் மிடறிலேயே இருமினார். நிறுத்தவில்லை. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. முகம் நீலம் பாரித்தது, கண் யன்னல் பக்கம் இருந்தது. பேணி முடிய மறுபடியும் வாளியில் மொண்டு வார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என் விரல்களை நெரித்தது நின்றுவிட்டது. அதன்பிறகும் கையை விடாமல் இருந்தேன். தண்டவாளத்தில் கோச்சி போனது, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. எழும்பிப்போய்ச் சேட்டை மாற்றி, தலையணை உறையை மாற்றி, சிவக்கொழுந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து காலில் விழுந்து கும்பிட்டு, பிரணவத்தைச் சொல்லிச் சொல்லியே போன சீவன் என்று ஊர் முழுக்கச் சொன்னார். செத்தவீட்டில் எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள். நான் ஒருவரையும் மறுத்துப் பேசவில்லை. றொசாந்தி மட்டும் கதைக்கவில்லை. தலையணையைத் தூக்கி மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். சேலைத்துணி பட்ட இடத்தை மணிக்கட்டில் பார்த்தாள். கேற்றடியில் செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு போனாள். முறைப்பாடு செய்தது அவளாகத்தான் இருக்கும். செய்தது சரி.

கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறீர்கள். சொன்னார். பேணியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோது சொன்னார். சத்தம் கரகரத்துத்தான் வந்தது, ஆனால் எழுத்து எழுத்தாகத் தெளிவாக இருந்தது.

"வேண்டாம், மீனா."

என் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. கலியாணம் செய்த நாளிலிருந்து நான் அவருக்கு "இஞ்சாரும்" மட்டும்தான். அவர் வாயால் என் பெயரை அதற்கு முன்னர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். இந்த வருத்தக்காரருக்கு ஒன்றை நினைக்க இன்னொன்று வாயில் வரும், வாயில் வருகிற சொல்லை நம்பக்கூடாது என்று படித்த பிள்ளை றொசாந்தியே சொல்லியிருக்கிறாளே. இரண்டு சொல்லில் ஒன்று சரியாக வந்துவிட்டது. மீனா என்றது சரியான சொல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றதுதான் மாறி வந்தது. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: குடிக்கிறீர்களா என்று நான் கேட்டேன், அவர் என் பெயரைச் சொல்லி ஓம் என்றார்.